மீடியா சர்வரில் உள்ள கோப்புகளை வீட்டுக் கணினிகளில் திறப்பது எப்படி?

ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மீடியா சர்வர் மென்பொருள்கள் படங்களையும் பாடல்களையும் ஓட்டிக் காட்டுவதற்காக உள்ளவை. சப்டைட்டில் கோப்பை நகலெடுத்துத் திருத்தவோ, புகைப்படங்களை வேறொரு மென்பொருளில் திறக்கவோ, பத்துப் பாடல்களைப் பென்டிரைவில் ஏற்றவோ வேண்டுமென்றால், அந்தக் கோப்புறையையே நெட்வொர்க்கில் பகிர்ந்துவிடுவது எளிது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொதுவாக உள்ள எஸ்எம்பி (SMB) என்ற கோப்புப் பகிர்வு முறையைத்தான் இங்கே பயன்படுத்தப் போகிறோம். சர்வராக இயங்குவது விண்டோஸ் 11 கணினி எனக் கொள்கிறேன்.

முதலில் சர்வரின் முகவரியை நிலைப்படுத்துங்கள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' சென்றால், இணைப்பின் விவரங்களில் 192.168.1.20 போன்ற ஐபிவி4 முகவரி தெரியும். ரவுட்டர் இதை எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடும் என்பதால், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி என்ற ரவுட்டர் அமைப்பில் இந்த எண்ணை அந்தக் கணினிக்கே ஒதுக்கி வைக்க வேண்டும். அதே இணைப்பு விவரப் பக்கத்தில் நெட்வொர்க் வகையை 'பிரைவேட்' என மாற்றி, 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' பகுதியில் கோப்புப் பகிர்வை இயக்குங்கள். சர்வர் தானாக உறக்க நிலைக்குப் போகாதபடி பவர் அமைப்பையும் மாற்றிவிடுங்கள். நேற்று திறந்த கோப்புறை இன்று திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்தது, பலரும் தாவிச் செல்லும் படி. பகிர்வுக்கென்றே சர்வரில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடர்பில்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்குக் கடவுச்சொல்லும் வையுங்கள். நீங்கள் தினமும் கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது. கடவுச்சொல் இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. இந்தத் தொல்லைக்குப் பயந்து கடவுச்சொல்லே இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய விண்டோஸ் பதிப்புகள் பல அப்படிப்பட்ட விருந்தினர் இணைப்பைத் தாமாகவே மறுத்தும் விடுகின்றன.

இனிப் பகிர்வு. கோப்புறையின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்', 'அட்வான்ஸ்டு ஷேரிங்' என வரிசையாகச் சென்று, 'ஷேர் திஸ் ஃபோல்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, இடைவெளி இல்லாத சிறிய பெயர் ஒன்றைக் கொடுங்கள். 'பெர்மிஷன்ஸ்' பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் 'எவ்ரிஒன்' என்பதை நீக்கிவிட்டு, புதிய பயனரைச் சேர்த்து, 'ரீட்' அனுமதியை மட்டும் கொடுங்கள். 'செக்யூரிட்டி' பகுதியிலும் அந்தப் பயனருக்குப் படிக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் இரண்டு இடங்களிலும் உள்ள அனுமதிகளில் எது இறுக்கமானதோ அதுவே செல்லுபடியாகும்.

படிக்கும் அனுமதி மட்டும் போதும் என்று நான் சொல்வது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை மேசைக் கணினியிலிருந்து தவறான கோப்புறையைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டேன். நெட்வொர்க் வழியாக அழித்த கோப்புகள் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேசைக் கணினி விண்டோஸாக இருந்தால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 எனத் தட்டி என்டரை அழுத்துங்கள். பயனர் பெயரை ஏற்க மறுத்தால், சர்வர் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பயனர் பெயர் என்ற வரிசையில் எழுதிப் பாருங்கள். கோப்புறை தெரிந்ததும் அதை ரைட் கிளிக் செய்து 'மேப் நெட்வொர்க் டிரைவ்' கொடுத்தால் தனி டிரைவாக நின்றுவிடும். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடுகள், பிறகு ஐபி எண் எனத் தட்ட வேண்டும். லினக்ஸின் கோப்பு மேலாளரிலும் இதே முகவரிதான். இணைந்ததும் அந்தக் கோப்புறைக்குள் புதிய கோப்பு ஒன்றை உருவாக்க முயலுங்கள். அனுமதி இல்லை என்று வந்தால் எல்லாம் சரியாக அமைந்திருக்கிறது.

பழைய சாதனம் ஏதேனும் இணைய மறுத்தால், எஸ்எம்பியின் முதல் பதிப்பை இயக்கச் சொல்லும் அறிவுரைகள் கண்ணில் படும். அதைச் செய்யாதீர்கள். 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. ரவுட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவதும் கூடாது.

படம் திக்கித் திக்கி ஓடினால் கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 11 அல்லது 12 மெகாபைட்தான் கிடைக்கும், கிகாபிட்டில் ஏறத்தாழ 110 வரை போகும். பெரிய 4கே கோப்புகளுக்கு முதல் வகை போதாமல் போவதுண்டு.