மதுரைக் கோட்டை முற்றுகையை நடந்தே படிப்பது எப்படி

ஒரு கோட்டை எப்படி வீழ்ந்தது என்று அறிய விரும்புபவர், பீரங்கிகளை எண்ணுவதற்கு முன்னால், உள்ளே இருந்தவர்களுக்கு எத்தனை நாளுக்கு நெல் இருந்தது என்று கேட்க வேண்டும். மதுரையை ஆண்டு, பின்னர் தம் மேலாளர்களையே எதிர்த்த கான் சாகிப் என்னும் மருதநாயகத்தை, ஆற்காட்டு நவாபு முகமது அலியின் படையும் கும்பினிப் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் 1763, 1764 ஆண்டுகளில் வளைத்த மதுரையில் இக்கேள்வியைக் கால்நடையாகவே ஆராயலாம்.

அதிகாலையில் வெளி வீதிகளைச் சுற்றி வாருங்கள்; ஒன்பது மணிக்கு மேல் அங்கே வண்டிகளைத் தவிர எதையும் பார்க்க இயலாது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்த மதில் எந்த வளைவில் ஓடியது என்பதை இவ்வீதிகள் ஏறத்தாழக் காட்டும். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே கொத்தளம் ஒன்று இன்னும் எஞ்சியுள்ளது. வைகை மதிலுக்கு வெளியே, வடக்கில் ஓடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்து, கோட்டையைப் பிடிக்க 747ஆம் குறள் சொல்லும் முற்றுதல் (சூழ்ந்து வளைத்தல்), எறிதல் (பாய்ந்து தாக்குதல்), அறைப்படுத்தல் (உள்ளிருப்போரை வஞ்சகத்தால் வசப்படுத்தல்) என்னும் மூன்று வழிகளைத் தலைப்பாக இடுங்கள். 1763இல் தொடங்கிய முற்றுகை மழைக்காலத்தில் கைவிடப்பட்டதை முதல் பத்தியிலும், 1764 ஜூனில் மதிலேறித் தாக்கியவர்கள் பெரும் இழப்புடன் பின்வாங்கியதை இரண்டாவதிலும் எழுதலாம். அதன்பின் தானியம் உள்ளே போகாமல் வழிகளை அடைத்து உட்கார்ந்ததை மீண்டும் முதல் பத்தியில் சேர்க்க வேண்டும். அக்டோபர் 13 அன்று சொந்த ஆட்களே கான் சாகிபைப் பிடித்துக் கொடுத்தது மூன்றாவது. வரலாற்றில் துரோகம் என்று எழுதப்படும் இது, என் கணிப்பில், பாதிக்கு மேல் முதல் பத்தியின் விளைச்சலே.

நகர மக்கள் பட்ட பாட்டைப் படைத்தளபதிகளின் குறிப்புகளில் தேடிச் சலிப்பதைவிட, முற்றுகையில் சிக்கிய ஊர் எப்படியிருக்கும் என்பதைப் புறநானூற்றில் பார்ப்பது நலம். அடைபட்ட ஆவூரைப் பாடும் கோவூர்கிழார் (44), பாலின்றி அலறும் குழந்தைகளையும் பூவின்றி முடிந்த கூந்தலையும் காட்டி, கதவைத் திறந்து கொடு அல்லது போரிடு என்று உள்ளே அடைந்து கிடந்த சோழன் நெடுங்கிள்ளியை இடித்துரைக்கிறார். பாண்டியன் முதுகுடுமியை நெட்டிமையார் பாடியவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் படியுங்கள்: ஒன்பதாம் பாட்டில் பெண்டிரும் பிணியுடையோரும் அரண் சேருமாறு முன்னறிவிக்கும் அதே அரசன், பதினைந்தாம் பாட்டில் பகைவர் தெருவைக் கழுதை பூட்டி உழுது, விளைவயலில் தேரோட்டி, காவல் குளத்தில் யானையை இறக்குகிறான்.

நடையைச் சம்மட்டிபுரத்துத் தர்காவில் முடிக்கலாம். அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட கான் சாகிபின் அடக்கம் அங்கே இருக்கிறது.