எண்ணெய்த் தலையில் சோக் பிடிக்காது: ஒருநாள் நிறம் பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி நாள், விடிய 5.30 மணி. பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கள் வாசலில் வந்து நிற்கிறாள். கையில் தலைமுடிக்குப் பூசும் நீலச் சோக், பாதி தேய்ந்தபடி. விரல்களில் நீலம், கன்னத்தில் நீலம், அணிநடைக்கென்று அயன் பண்ணி வைத்த வெள்ளைச் சட்டையின் கைப்பட்டியில் நீலம். நிறம் ஏற வேண்டிய பின்னலில் மட்டும் ஒன்றையும் காணவில்லை.

"அன்ரி, எவ்வளவு தேய்ச்சும் பிடிக்குதில்லை."

பின்னலைத் தொட்டுப் பார்த்தேன். விரல் வழுக்கியது.

"எண்ணெய் வச்சதா பிள்ளை?"

"ராத்திரி அம்மம்மா வச்சு விட்டவ. வெயிலுக்குத் தலை குளிர்மையா இருக்கட்டுமாம்."

அம்மம்மாவில் பிழையில்லை, பிள்ளையிலும் பிழையில்லை. திருகோணமலையில் மணப்பெண் அலங்காரமும் பாடசாலை விழாக்களுக்கான அலங்காரமும் செய்பவள் நான். தை பிறந்து பாடசாலைகளில் போட்டிகள் தொடங்கினால் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று இல்ல நிறத்தைத் தலையில் ஏற்றித் தரச் சொல்லிப் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் தாங்களே முயன்று பார்த்துவிட்டு அழுதபடி வருபவர்கள்தான் கூட. அவர்கள் சோக் பெட்டியில் எழுதியிருந்தபடியே செய்திருப்பார்கள். அந்தச் செய்முறை பெரும்பாலும் வெளிர் நிறமான, மெல்லிய, எண்ணெய் காணாத தலைமுடியை நினைத்து எழுதப்பட்டது. நம்முடையது கறுப்பு, தடிப்பு, பிறந்ததிலிருந்து தேங்காயெண்ணெய் ஊறி வளர்ந்தது. பிசகுவது அந்த இடத்தில்தான்.

சோக் என்பது சாயம் அல்ல. சலூனில் பூசும் நிரந்தரச் சாயத்தில் உள்ள அமோனியா முடியின் மேற்செதில்களைத் தூக்கிவிடும்; சாயம் உள்ளே இறங்கி, ஐதரசன் பெரொட்சைட்டோடு சேர்ந்து அங்கேயே நிறமாகித் தங்கிவிடும். சோக்கில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அது நிறத்தூளும் வெள்ளைத்தூளும் கொஞ்சம் பசையும் சேர்த்து அழுத்திய கட்டி. முடியின் மேற்பரப்பில் போய் உட்காரும், அவ்வளவுதான். திருநீற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் குழைத்துப் பூசினால் காய்ந்த பிறகு பளிச்சென்று தெரியும். எண்ணெய் வழியும் நெற்றியில் பூசினால் எங்கே போனதென்றே தெரியாது. தலையில் சோக் படும் பாடும் இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

ஆகவே முதல் தவறு எண்ணெய்த் தலையில் தொடங்குவது. முதல்நாள் பின்னேரம் ஷாம்பூ போட்டு முழுகுங்கள். கண்டிஷனர் வேண்டாம், ஜெல் வேண்டாம், பளபளப்புக்குப் பூசும் சீரமும் வேண்டாம். எல்லாம் எண்ணெயைப் போலவே வழுக்கும். வீட்டில் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நித்திரைக்குப் போகுமுன் அன்பாகத் தடவி விட்டுவிடுவார்கள். நேரமே இல்லையென்றால் தலை முழுவதையும் கழுவ வேண்டியதில்லை. அன்று அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது: பின்னலை அவிழ்த்து, நுனியில் ஒரு சாண் அளவை மட்டும் ஒரு பேசினுக்குள் விட்டு, இரண்டு தரம் ஷாம்பூ போட்டு அலசி, துவாயால் ஒற்றி எடுத்தேன். 10 நிமிடம் போதுமாக இருந்தது.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. வெளிர் நிற முடிக்கு உலர்ந்தபடி பூசினால் போதும். கறுப்பு முடியில் அப்படிப் பூசினால் சாம்பல் தட்டியதுபோல் ஒரு மங்கல் மட்டும் தெரியும். நமக்கு ஈரம் வேண்டும். எவ்வளவு ஈரம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் சோக் களியாகிக் கழுத்தில் வழியும். காய்ந்ததும் கட்டிகட்டியாக உதிரும். பிழிந்த துவாயைத் தொட்டால் எப்படியிருக்குமோ அந்த ஈரம் போதும். ஸ்ப்ரே போத்தலால் இரண்டு தரம் அடித்து விரலால் நீவிவிடுங்கள்.

ஆனால் இந்த ஈரம் எல்லோருக்கும் பொருந்தாது. பிளீச் செய்த முடி, ரசாயனத்தால் நேராக்கிய முடி, நரைமுடி இவற்றில் நிறம் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும். பிளீச்சும் நேராக்கும் ரசாயனமும் செதில்களைச் சிதைத்துவிடுவதால் ஈரத்தூள் இடுக்குகளில் போய் இறுகிவிடும். நரையில் மறைப்பதற்குக் கறுப்பு இல்லாததால் கொஞ்ச மிச்சமும் கண்ணில் குத்தும். பேத்தியின் ஆசைக்காக முன்நெற்றியில் ஒரு கற்றைக்கு ரோஸ் பூசவிட்ட ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். ஒரு கிழமைக்கு மேல் அந்த ரோஸோடுதான் கோயிலுக்குப் போய் வந்தார். இப்படிப்பட்ட முடிக்கு உலர்ந்தபடியே பூசுங்கள். அதற்கும் முன்னே பிடரிப் பக்கத்தில் மறைவாக ஒரு சின்னக் கற்றையில் பூசிக் கழுவிப் பாருங்கள்.

எந்தச் சோக் என்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான கேடு வருவது இங்கேதான். தலைமுடிக்கென்றே விற்கும் ஹெயார் சோக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காதபோது கைக்கு எட்டுவதையெல்லாம் பிள்ளைகள் எடுக்கிறார்கள். கரும்பலகையில் எழுதும் நிறச் சோக், அதாவது நம் பழைய வெண்கட்டி, இப்போது பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனது. அதில் நிறம் குறைவு, கட்டி கடினம். அழுத்தி அழுத்தித் தேய்த்தால் முடி அறுபடுமே தவிர நிறம் வராது. சித்திரப் பாடத்துக்கு வாங்கும் பஸ்டலில் இரண்டு வகை உண்டு. தூளாக உதிரும் மென்பஸ்டல் தலையில் நன்றாகப் பிடிக்கும். ஹெயார் சோக்குக்கு நெருங்கிய உறவு அது. ஆனால் ஓவியர்களுக்கென்று செய்யப்படும் சிலவற்றில் கட்மியம் போன்ற நச்சு உலோகம் கலந்த நிறங்கள் இருக்கும். உறையில் நச்சற்றது என்று குறிப்பு இல்லாததைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். மற்ற வகை எண்ணெய்ப் பஸ்டல். அது மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது. தலையில் பட்டால் மெழுகுதிரி உருக்கி ஊற்றியது மாதிரிப் பிசுபிசுத்துப்போகும், சாதாரண ஷாம்பூவுக்கு மசியாது. இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டியில் வருவதால் மாறி எடுத்துவிடுகிறார்கள். கடதாசியில் ஒரு கோடு இழுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். தூளாகப் பரவினால் மென்பஸ்டல், விரலில் மெழுகாக அப்பினால் எண்ணெய்ப் பஸ்டல்.

இன்னொன்று, இல்லம் சோடிக்க வாங்கிய கிறேப் கடதாசி. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் பின்னல் நுனியை அமிழ்த்துகிறார்கள். முதலில் அழகாகத்தான் இருக்கும். கிறேப்பில் இருப்பது தூள் அல்ல, தண்ணீரில் கரையும் சாயம். வியர்வை பட்டவுடன் மறுபடி கரைந்து கழுத்திலும் முதுகிலும் இறங்கும். அந்தக் கறை வெள்ளைச் சட்டையை விட்டுப் போகாது. கையில் ஹெயார் சோக் இல்லையென்றால் இதைவிட நல்ல மாற்று உண்டு: கண்ணிமைக்குப் பூசும் ஐ ஷடோ. தோலுக்கென்றே செய்யப்பட்டது. அழுத்தமான நிறமாக ஒன்றை எடுத்து, ஈரக் கற்றையின் மேல் பஞ்சால் அழுத்திப் பூசினால் சோக் போலவே நிற்கும்.

பூசும் திசையைப் பலர் கவனிப்பதே இல்லை. சந்தையில் விளைமீன் வாங்கும்போது தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழவழப்பாக இருக்கும். வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் செதில் கையைக் கிழிக்கும். நம் முடியின் மேற்தோலும் அதேபோல அடுக்கடுக்கான செதில்தான், நுனியை நோக்கிப் படிந்திருக்கும். சோக்கை மேலும் கீழுமாக இழுத்தால் செதில்கள் கிளம்பி முடி சிக்குப்படும், பிறகு சீப்பு வைத்தால் அறும். எப்போதும் மேலிருந்து கீழ். விரற்கடை அகலமான கற்றையாக எடுத்து, சோக்கால் இழுத்துக்கொண்டே கற்றையை மெல்லத் திருகுங்கள். எல்லாப் பக்கமும் நிறம் ஏறும். வேரிலிருந்து தொடங்க வேண்டாம். உச்சந்தலையில் வியர்வை ஊறும், அங்கே நிறம் ஒரு மணி நேரமும் நிற்காது. காதுக்குக் கீழே உள்ள பகுதிதான் நமக்கு வசதி.

மஞ்சள் இல்லத்துப் பிள்ளைகள் பாவம். கறுப்பின் மேல் மஞ்சளைப் பூசினால் சேற்றுப் பச்சை மாதிரி வரும். முதலில் வெள்ளைச் சோக்கை ஒரு தரம் இழுத்துக் காயவிட்டு அதன்மேல் மஞ்சளைப் பூசுங்கள். நீலம், சிவப்பு, ஊதா எல்லாம் அழுத்தமாக இருந்தால் நேரேயே தெரியும். இளரோஸ், இளநீலம் போன்றவற்றில் காசைக் கொட்ட வேண்டாம்.

இனிச் சூடு. முடி நேராக்கும் அயன் வைத்தால் நிறம் இறுகும் என்பது உண்மைதான். ஆனால் ஈரம் காயுமுன் வைக்கக் கூடாது. முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி உள்ளேயே குமிழ்விடும், அந்த இடத்தில் முடி முறியும். முதலில் முழுதாகக் காயட்டும். பிறகு குறைந்த சூட்டில் ஒரேயொரு தரம் இழுத்தால் போதும். ஹெயார் ஸ்ப்ரே கடைசியில்தான், அயனுக்குப் பிறகு. பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் மதுசாரம் இருக்கிறது, தீப்பற்றும். அடித்த கையோடு சாமியறையில் விளக்கேற்றவோ கற்பூரம் காட்டவோ குனிய வேண்டாம். இதை நான் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் அனுப்புவேன்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் 34, 35 பாகை சர்வசாதாரணம். காற்று வறட்சியாக இருப்பதால் முடி ஏற்கெனவே தும்பு மாதிரி இருக்கும். சோக் இன்னும் மிச்சமிருக்கும் எண்ணெய்ப்பசையையும் உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் மூன்று நாள் தொடர்ந்து பூசினால் நுனி வெடிக்கும். ஒரு நாள் பூசினால் அதன் பிறகு ஒரு கிழமையாவது விடுங்கள். மைதானத்தில் நிற்கப் போகிறவர்கள் முடியை விரித்துவிடாமல் பின்னலாகவோ உயரக் கட்டியோ வைத்தால் கழுத்து வியர்வை படாது. ஸ்காஃப் போடும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: வெள்ளைத் துணியின் உட்புறத்தில் நிறம் தேயும். வீட்டு விசேஷத்துக்குப் பூசியிருந்தால், வெளியே கிளம்பும்போது முதலில் கறுப்புத் தொப்பி ஒன்றைப் போட்டு அதன்மேல் ஸ்காஃபைக் கட்டுங்கள். பூசும் நேரத்தில் எல்லோருமே பழைய கருநிறச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. நல்ல சட்டையைக் காய்ந்த பிறகு மாற்றலாம். தலைவழியாகப் போடுவதைவிட முன்னால் பொத்தான் வைத்தது வசதி.

மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகளுக்குப் பூட்டிய அறைக்குள் வைத்துப் பூசாதீர்கள். தூள் மூக்கில் ஏறும். விறாந்தையில், காற்று முகத்துக்கு எதிராக வராதபடி இருத்துங்கள். தலையில் புண்ணோ சிரங்கோ இருந்தால் அன்றைக்குச் சோக்கே வேண்டாம். புதிதாக வாங்கியதை முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்து, கடி, சிவப்பு ஒன்றும் இல்லையென்றால் மட்டும் பாவியுங்கள். கண்ணுக்குள் விழுந்தால் கசக்காமல் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவுங்கள்; அப்படியும் உறுத்தல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பூசுவதில் கவனமாக இருந்தவர்களும் எடுப்பதில் கோட்டை விடுகிறார்கள். களைத்து வந்து அப்படியே படுத்துவிட்டால் தலையணை உறை போய்விடும், அதைவிட இரவு முழுவதும் தூளோடு உரசி முடி அறும். படுக்குமுன் எடுத்துவிட வேண்டும். நேரே தண்ணீரை ஊற்றுவதும் தவறு, எண்ணெயை அப்புவதும் தவறு. இரண்டிலும் தூள் களியாகி இன்னும் இறுகும். முற்றத்தில் நின்று, குனிந்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தபடி உலர்ந்த தூளைத் தட்டிவிடுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவுங்கள், முன்னால் குனிந்தால் எல்லாம் கண்ணுக்குள் வரும். ஷாம்பூ இரண்டு தரம். கட்டிச் சவர்க்காரம் போடாதீர்கள். எங்கள் வீட்டுக் கிணறு மாதிரி வன்தண்ணீர் என்றால் சவர்க்காரம் வெள்ளைப் படையாகத் திரண்டு முடியில் ஒட்டும், நிறம் போகவில்லையென்று நினைத்து இன்னும் தேய்ப்பீர்கள். கண்டிஷனர் இப்போதுதான் தேவை, தாராளமாகப் போடுங்கள்.

நிலாவெளிக் கடலில் ஒரு முழுக்குப் போட்டால் போய்விடும் என்று போகிறவர்களும் உண்டு. நிறம் கரையும், ஆனால் உப்பும் தூளும் சேர்ந்து முடி கயிறாகத் திரிந்துவிடும். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியை இதற்குப் பாவிக்கவே கூடாது. அந்த 7 கிணறுகளிலும் தங்கள் இறந்தவர்களுக்குக் கிரியை செய்ய வருபவர்கள் இருக்கிறார்கள்.

கழுவிய பிறகும் நுனியில் கொஞ்சம் நிறம் தங்கினால் பயப்பட வேண்டாம். அடுத்த நாள் தேங்காயெண்ணெயை நுனிக்கு மட்டும் பூசி அரை மணி நேரம் ஊறவிட்டு ஷாம்பூ போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்த வேலையை அவளுடைய அம்மம்மாவிடமே விட்டேன். படியில் இருத்தி வைத்து, நீலம் முழுவதும் போகும்வரை அவர்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.