மலைநாட்டு வீடுகளில் மெர்லோ வைனைத் தேர்ந்து பரிமாறும் முறை

மெர்லோ என்னும் கருந்திராட்சையிலிருந்து செய்யப்படும் சிவப்பு வைனை 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் பரிமாறுவதே சிறந்தது; நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகையாக இருப்பதால், கொழும்பில் குளிர்சாதனப் பெட்டி செய்யவேண்டிய வேலையை இங்கே வெயில் படாத அலமாரியே செய்துவிடுகிறது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் நண்பகலில் சூடேறும் வீடுகளில் மட்டும், பரிமாறுவதற்கு 20 நிமிடங்கள் முன்பாகப் போத்தலைக் குளிரூட்டுங்கள்.

வாங்கும்போது லேபலை நிதானமாக வாசிக்க வேண்டும். இத்திராட்சையின் தாயகமான பிரான்சின் போர்தோ பகுதியில், டோர்டோன் ஆற்றின் வலது கரைப் பக்கமுள்ள பொமரோல், செந்த் எமிலியோன் ஆகிய இடங்களில் மெர்லோவே முதன்மைப் பயிராக இருந்தபோதிலும், அங்கிருந்து வரும் போத்தல்களின் முகப்பில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இராது. ஊரின் பெயரே இருக்கும். கபர்னே சோவின்யோன் என்னும் மற்றொரு சிவப்பு வைன் திராட்சையைவிட முன்கூட்டியே பழுக்கும் மெர்லோவுக்கு, ஈரத்தைப் பிடித்துவைக்கும் குளிர்ந்த களிமண் நன்கு பொருந்துகிறது. பொமரோல் வைனின் செறிவுக்கு அம்மண்ணே பெருங்காரணம் என்பதால், அந்தப் பெயரைக் கண்டால் விலை கூடுதலாக இருக்கும் என்பதையும் எதிர்பாருங்கள்.

உணவில் உறைப்பு மிகுந்தால் வைனின் எரிவும் துவர்ப்பும் தூக்கலாகத் தெரியும். ஆகவே மிளகாய்த்தூளைக் குறைத்து, கறுவா சேர்த்துச் சமைத்த ஆட்டிறைச்சிக் கறியையே நான் பரிந்துரைப்பேன்.

மீதமுள்ள வைனைத் தக்கையால் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் அருந்திவிடுங்கள்.