டயாலிசிஸ் நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி ஊசி: போடும் முறையும் டைட்டர் பார்க்கும் முறையும்

டயாலிசிஸில் சேர்ந்ததுமே, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி போடச் சொல்வார்கள். நான்கு தவணை முடிந்ததும் அட்டையில் டிக் விழும். பல இடங்களில் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது. ஆரோக்கியமான இளவயதினரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த ஊசி பலிக்கும். டயாலிசிஸில் இருப்பவர்களில் கணிசமானவர்களுக்கு நான்கு தவணை போட்ட பிறகும் எதிர்ப்பு வருவதில்லை. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. எதிர்ப்பின் அளவை எண்ணாகக் காட்டும் டைட்டர் என்ற ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

காரணம் ரத்தத்தில் கழிவுத் தேக்கம், அதாவது யூரிமியா. அது இருக்கும் உடலில், கிருமியின் துண்டை எடுத்துக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிடிக் செல்கள் மந்தமாகிவிடும். காட்டினாலும், எதிர்ப்பை நடத்தும் டி செல்கள் முழுமையாகத் தூண்டப்படுவதில்லை. டி செல்லின் உதவி கிடைக்காத பி செல், கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியை நன்றாகச் சுரக்காது. பி செல்களின் எண்ணிக்கையே குறைந்துதான் இருக்கும். வயது, சர்க்கரை நோய், ரத்தப் புரதமான ஆல்புமின் குறைவு, டயாலிசிஸ் போதாமை ஆகியவை சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதே மந்தம் நோய் வந்தாலும் தெரியும். காமாலை வருவது வைரஸ் நேராக ஈரலைத் தின்பதால் அல்ல. வைரஸ் புகுந்த ஈரல் செல்களை நம் எதிர்ப்புச் செல்கள் அடித்து நொறுக்குவதால்தான். அந்த அடி பலமாக விழாதபோது கண் மஞ்சளாகாது, பெரிய காய்ச்சலும் இருக்காது. ஆனால் வைரஸும் வெளியேறாது. ஈரலிலேயே தங்கி நாள்பட்ட நோயாகிவிடும். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை எண்ணை நம்பியும் இருக்க முடியாது. டயாலிசிஸில் இருப்பவருக்கு அது வழக்கமாகவே குறைவு. மாதாமாதம் 12, 14 என்று வந்தவருக்குத் திடீரென 35 வந்தால், லேப் தாளில் 40 வரை நார்மல் என்று அச்சடித்திருந்தாலும் அதை விட்டுவிடக் கூடாது.

இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி நாடு முழுக்கச் சேர்ந்தது 2011-ல். ஆகவே இன்று டயாலிசிஸ் கட்டிலில் இருக்கும் பெரியவர்களில் பெரும்பாலோர் சிறுவயதில் இந்த ஊசி போட்டிருக்க வாய்ப்பில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏற ஆரம்பித்து, இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர் வீட்டில் இருந்தால் இப்போதே சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். சிறுநீரகம் முழுதாகக் கெடுவதற்கு முன்பு போடும் ஊசிக்குப் பலன் அதிகம்.

முதலில் மூன்று ரத்தப் பரிசோதனைகள்

எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது வைரஸின் மேலுறைப் புரதம். பாசிட்டிவ் என்றால் கிருமி உடலில் இருக்கிறது. ஆன்டி-எச்.பி.எஸ். என்பது அதை எதிர்க்கும் ஆன்டிபாடி. இது பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி. ஆன்டி-எச்.பி.சி. டோட்டல் என்பது எப்போதாவது இயற்கையாகத் தொற்று வந்துபோனதா என்பதைக் காட்டும். இது மட்டும் பாசிட்டிவ், மற்ற இரண்டும் நெகட்டிவ் என்றால் வைரஸின் டி.என்.ஏ. பரிசோதனையும் தேவைப்படும்.

முதல் இரண்டின் பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் லேப் கவுன்டரில் தினமும் குழப்பம் நடக்கிறது. டைட்டர் கேட்டால் எச்.பி.எஸ்.ஏ.ஜி. எடுத்து "நெகட்டிவ்" என்று கொடுத்துவிடுவார்கள். வீட்டாரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். சீட்டில் "ஆன்டி-எச்.பி.எஸ். டைட்டர், எண்ணாக வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று வரும் அட்டைப் பரிசோதனை இந்த வேலைக்கு ஆகாது.

எவ்வளவு, எப்போது

மற்ற பெரியவர்களுக்கு ஒரு தவணை 20 மைக்ரோகிராம். டயாலிசிஸில் இருப்பவருக்கு அது இரட்டிப்பு, 40 மைக்ரோகிராம். எஞ்செரிக்ஸ்-பி, ஜீன்வாக்-பி போன்ற தடுப்பூசிகளில் 1 மில்லியில் 20 மைக்ரோகிராம் இருக்கும். ஆகவே ஒரு தவணைக்கு 2 மில்லி. முதல் நாள், 1-வது மாதம், 2-வது மாதம், 6-வது மாதம் என நான்கு தவணை. ஜனவரி 5-ல் தொடங்கினால் பிப்ரவரி 5, மார்ச் 5, ஜூலை 5. மருந்துக்கடையில் வாங்கும்போது குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். குழந்தைகளுக்கான அரை மில்லி குப்பியில் 10 மைக்ரோகிராம்தான் இருக்கும். அது ஒன்றைக் கொண்டுவந்து போட்டால் தேவையில் கால்வாசிதான் உள்ளே போகும்.

ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்காக ஆறாவது மாத ஊசியை விட்டுவிடாதீர்கள். எதிர்ப்பை உயர்த்திப் பிடிப்பதே அதுதான், அதிகம் பேர் மறப்பதும் அதைத்தான்.

குப்பியும் ஊசியும்

வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். ஃபிரீசரை ஒட்டி வைத்தால் மருந்து உறையும், உறைந்தது கெட்டதுதான். அலுமினிய உப்பில் ஒட்டியிருக்கும் புரதம் இது. உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கினாலும் துகள்கள் திரிதிரியாக மிதக்கும், நிற்கவிட்டால் சீக்கிரமே அடியில் இறங்கிவிடும். நல்ல குப்பியில் கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்தால் மேலே தெளிநீரும் அடியில் வெள்ளைப் படிவும் தெரியும்; குலுக்கியதும் ஒரே சீராகப் பால் கலங்கலாகும். அப்படிக் கலந்த பிறகே சிரிஞ்சில் இழுக்க வேண்டும். குலுக்காமல் 10 மில்லி குப்பியிலிருந்து இழுத்தால் முதல் ஆளுக்குத் தண்ணீரும் கடைசி ஆளுக்கு மருந்துமாகப் போகும். பலர் பகிரும் குப்பியை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோகவே கூடாது. மருந்து எடுக்கும் தனி மேசையில் நிரப்பி, சிரிஞ்சை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஊசி போடும் இடம் மேற்கையின் டெல்டாய்டு தசை. பின்புறத்தில் போட்டால் கொழுப்பில் தங்கி எதிர்ப்பு குறையும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இணைத்த ரத்தக்குழாய்) இருக்கும் கையைத் தொடக் கூடாது. மறுகையில் 2 மில்லியை 1 மில்லி வீதம் இரண்டாகப் பிரித்து, ஓர் அங்குல இடைவெளி விட்டு இரண்டு இடத்தில் போடலாம். 23 கேஜ், 25 மில்லிமீட்டர் ஊசி பெரும்பாலானோருக்குப் போதும். கை பருமனானவருக்கு இன்னும் நீளமானது வேண்டும். டயாலிசிஸ் முடிந்த கையோடு போடுவதைத் தவிருங்கள்: உடம்பில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து இருக்கும், தசைக்குள் ரத்தம் கட்டும். மெஷினில் போடும் முன்போ, டயாலிசிஸ் இல்லாத நாளிலோ போட்டு, 2 நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும்.

இன்னொரு சிக்கல். ஊசியில் இருப்பதே அந்த மேலுறைப் புரதம் என்பதால், போட்ட பிறகு சுமார் 18 நாள் வரை எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனை தற்காலிகமாகப் பாசிட்டிவ் காட்டலாம். மாதாந்திரப் பரிசோதனை அதே வாரத்தில் வந்து, நெகட்டிவ் நோயாளியைப் பாசிட்டிவ் அறைக்கு மாற்றிவிட்டால் இல்லாத நோயை நாமே கொடுத்ததாகிவிடும். ரத்தத்தை முதலில் எடுங்கள், ஊசியைப் பிறகு போடுங்கள். பாசிட்டிவ் வந்துவிட்டால் ஊசித் தேதியைச் சொல்லி, திரும்பப் பரிசோதித்து உறுதிசெய்த பிறகே மாற்ற வேண்டும்.

டைட்டர்

கடைசித் தவணைக்குப் பின் 1 முதல் 2 மாதத்துக்குள் எடுக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து எடுத்துக் குறைவாக வந்தால், எதிர்ப்பு வரவே இல்லையா, வந்து இறங்கியதா என்று பிரித்தறிய முடியாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி) போட்டிருந்தாலும் எச்சரிக்கை வேண்டும்: அந்த ஆன்டிபாடி இரவல், சில மாதங்களில் கரைந்துவிடும்.

ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் (mIU/mL), அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. 10-க்கும் 100-க்கும் இடையில் வந்தவர்களுக்குச் சீக்கிரம் இறங்கும். எப்படியானாலும் வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, 10-க்குக் கீழே போனதும் 40 மைக்ரோகிராம் பூஸ்டர் ஒன்று போட வேண்டும். மற்றவர்களுக்கு எண் இறங்கினாலும் நினைவுச் செல்கள் காப்பாற்றும் என்பார்கள். டயாலிசிஸில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

முதல் சுற்று முடிந்து 10-க்குக் கீழ் வந்தால் மீண்டும் முழு நான்கு தவணை, மீண்டும் டைட்டர். இரண்டாவது சுற்றில் கணிசமானவர்களுக்கு எதிர்ப்பு வந்துவிடும். அப்போதும் வராதவருக்குத் தோலுக்குள் சிறுசிறு அளவாகப் போடும் முறையை மருத்துவர் யோசிக்கலாம். இல்லையென்றால் அவரைத் தொற்று வரக்கூடியவர் என்றே குறித்து, மாதாமாதம் எச்.பி.எஸ்.ஏ.ஜி. எடுக்க வேண்டும். பாசிட்டிவ் நோயாளியின் ரத்தம் பட்டது தெரிந்தால், கூடியவரை 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் தேவைப்படும். ஆகவே அந்த மருந்தின் பெயர் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஊசி பலிக்காதவருக்கு டயாலிசிஸ் யூனிட்டின் சுத்தமே அரண். உலர்ந்த ரத்தத்துளியில் இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். பாசிட்டிவ் நோயாளிக்குத் தனி அறை, தனி மெஷின், டயலைசரை (ரத்தம் வடிகட்டும் குழாயை) மறுபடி பயன்படுத்துவது கிடையாது, அதே ஷிஃப்டில் அதே டெக்னீஷியன் இரு பக்கமும் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் கேட்பது குற்றமல்ல, கேளுங்கள்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே இல்லை. அதிலும் ஆன்டிபாடி தாமதமாக வரும், சிலருக்கு வராமலே போகும்; ஆன்டிபாடி நெகட்டிவ் என்பதை வைத்து முடிவுகட்டாமல், சேரும்போதும் ஆறு மாதத்துக்கொரு முறையும் வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை எடுப்பது நல்லது. தொற்று வந்துவிட்டாலும் மாத்திரையில் குணமாக்கலாம். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம்.

கல்யாணம், கோயில் என்று வெளியூர் போய் அங்கே டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தால், நான்கு தவணைத் தேதிகள், கடைசி டைட்டர் எண், ஒரு மாதத்துக்குள் எடுத்த எச்.பி.எஸ்.ஏ.ஜி. தாள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் உங்கள் யூனிட்டில் வெளியே செய்துகொண்ட தேதியையும் இடத்தையும் சொல்லிவிடுங்கள்.