ஐ7 என்றால் எந்த ஐ7? பிராசசர் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன் காட்பாடியில் ரயிலேறி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்டெலின் பழைய ஐ5-8400 பிராசசர் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் இருந்தது எச்110 மதர்போர்டு. "ரெண்டும் 1151தான் சார், தாராளமா போடலாம்" என்றார் கடைக்காரர். பிராசசர் சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்தது, ஃபேன் சுற்றியது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

1151 என்ற சாக்கெட் எண்ணை, அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தின் எண்ணை, மட்டும் நம்பியதுதான் என் தவறு. எல்ஜிஏ 1151 சாக்கெட் 2015இல் இன்டெலின் 6ஆம் தலைமுறையோடு வந்தது, 7ஆம் தலைமுறைக்கும் அதேதான். 2017இல், நான் வாங்கிய 8400 சேர்ந்த 8ஆம் தலைமுறை வந்தபோது பின்களின் எண்ணிக்கை மாறவில்லை, அவற்றில் சிலவற்றின் வேலை மாறிவிட்டது. அதற்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள போர்டு வேண்டும், என் எச்110 அந்த வரிசை இல்லை. நம் வேலூர் மாவட்டம் போலத்தான்: பெயர் அதேதான், ஆனால் 2019க்குப் பிறகு ஆம்பூர் அதில் இல்லை.

அதனால் காசு கொடுக்கும் முன், போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்த பயாஸ் (கணினியைக் கிளப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு தேவை என்பதும் அதிலேயே இருக்கும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் இது முக்கியம். பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை பிராசசர் ஓடும், ஆனால் பயாஸ் பழசாக இருந்தால் கிளம்பாது. அதைக் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஐ7 மோகம். "ஐ7 சிஸ்டம், சல்லிசா கிடைக்குது" என்று யாராவது சொன்னால் பெயரில் சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ7-2600 என்றால் 2ஆம் தலைமுறை, 2011இல் வந்தது. அதற்கும் 2022இல் வந்த ஐ3-12100க்கும் 4 கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி), 8 திரெட்தான் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசை). ஆனால் வேகத்தில் ஐ3 எங்கேயோ போய்விட்டது. விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் 2600 கிடையாது.

எண்ணுக்குப் பின் வரும் கடைசி எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஐ5-12400எஃப் விலை குறைவு, காரணம் அதில் கிராஃபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) இல்லை. தனி கார்டு வாங்காவிட்டால் மானிட்டர் இருட்டுதான். ரைசன் 5 5600இல் எழுத்தே கிடையாது, கிராஃபிக்ஸும் கிடையாது. 5600ஜி என்றால் உண்டு.

ரேம் விஷயம் சின்னது. ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 போர்டு டிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பழைய ரேமைக் காப்பாற்ற நினைத்தால் போர்டின் பெயரை முழுதாகப் படியுங்கள்.

வேலூர் மே மாத வெயிலில் கே எழுத்து (ஓவர்கிளாக், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட முடியும் என்று பொருள்) பிராசசர் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். இன்றைய கே மாடல் பெட்டிகளில் கூலர் (பிராசசரின் சூட்டைத் தணிக்கும் ஃபேன்) வராது. சரி, பழைய 1200 சாக்கெட் கூலர் இருக்கிறதே என்றால், 1700இல் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.யிலிருந்து 78 ஆகிவிட்டது, தனிக் கிட் வேண்டும். எச்610 போர்டில் ஓவர்கிளாக்கும் செய்ய முடியாது. அப்புறம் எதற்கு அந்த கே?

கூலரைக் கழற்றும்போதும் சாக்கெட்டை நினைவில் வையுங்கள். இன்டெலிலும் ஏஎம்5இலும் பின்கள் போர்டில் இருக்கும். ஏஎம்4இல் அவை பிராசசரின் அடியில். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்த பின், சூடு ஆறுவதற்குள் கூலரை லேசாக இப்படியும் அப்படியும் திருகி எடுங்கள்.