டிரவுட் மீனுக்கு ஃப்ளை ரீல்: குறைந்த விலையில் வாங்கும்போது கடற்கரைக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

புதுச்சேரியிலோ கடலூரிலோ டிரவுட் மீன் கிடையாது. குளிர்ந்து ஓடும் தண்ணீர் வேண்டிய மீன் அது. 20 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கிவிடும். சுண்ணாம்பாற்றில் கொண்டுவந்து விட்டால் பொழுது சாயும்வரை தாங்காது. ஆனாலும் நீலகிரிக்கும் மூணாறுக்கும், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றுக்கும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

ராடு (தூண்டில் கோல்), ரீல் (நூல் சுற்றும் சக்கரம்), லைன் (வீசும் நூல்) என்று எல்லாமே பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்கப்படுகின்றன. ராடு வாங்குவதில் யாரும் பெரிதாக ஏமாறுவதில்லை. காசு வீணாவது ரீலில்தான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் தேவனாம்பட்டினம் கரையிலும் ஸ்பின்னிங் ரீலோடு பழகியவர்கள், பொய்ப் பூச்சியை வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்கான ஃப்ளை ரீலையும் அதே கண்ணோடு பார்ப்பதே இதற்குக் காரணம்.

"அண்ணா, இதில் எத்தனை பேரிங்? கியர் ரேஷியோ எவ்வளவு? எத்தனை கிலோ டிராக் தாங்கும்?" என்னிடம் கேட்கிற தம்பிகள் எல்லோரும் இந்த மூன்றைத்தான் கேட்கிறார்கள். (மீன் இழுக்கும்போது நூல் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்தான் டிராக்.) கடல் தூண்டிலுக்கு மூன்றும் நியாயமான கேள்விகள். டிரவுட் ரீலுக்கு மூன்றாலும் பயனில்லை.

ஸ்பின்னிங்கில் நுனியில் கட்டிய ஈயத்தின் எடைதான் நூலை இழுத்துக்கொண்டு பறக்கிறது. நூல் ரீலிலிருந்து நேராக ஓடுகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் நுனியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய எடையற்ற ஒரு பொய்ப் பூச்சி. எடை முழுவதும் லைனில் இருக்கிறது. வேண்டிய நீளத்தைக் கையால் இழுத்துக் காலடியில் விட்டுக்கொண்ட பிறகே வீசுகிறோம். அந்த நேரத்தில் ரீலுக்கு வேலையே இல்லை. சிறிய டிரவுட் மாட்டினால் அதையும் பெரும்பாலும் லைனைக் கையால் இழுத்தே கரைசேர்க்கிறோம். ஆக, ரீலின் வேலை லைனை ஒழுங்காகச் சுற்றி வைத்திருப்பது, எப்போதாவது பெரிய மீன் ஓடினால் வெட்டி இழுக்காமல் விட்டுக்கொடுப்பது, ராடின் அடியில் பாரத்தைச் சமன்செய்வது, அவ்வளவுதான். வழக்கமான ஃப்ளை ரீலில் கியரும் கிடையாது. கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலும் ஒரு சுற்றுதான்.

இது புரிந்தால், விலை குறைந்த ரீல் போதும் என்பது தானாகவே விளங்கிவிடும். ஆனால் எந்த விலை குறைந்த ரீல் என்பதில்தான் சிக்கல்.

பணத்தைத் தவறான இடத்தில் போடுவது

எல்லாத் தவறுக்கும் தலையாயது இது. பளபளக்கும் ரீலுக்கு முக்கால் பங்கு பணத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் சில்லறையில் லைன் வாங்குகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். டிரவுட்டுக்குப் பொதுவாகப் பயன்படும் 5 எண் லைனில் முதல் 30 அடியின் எடை 140 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 9 கிராம் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ராடு வளைவது அந்த எடைக்குத்தான். மட்டமான லைன் சுருண்டு சுருண்டு வரும், மிதக்க வேண்டிய நுனி முழுகும், ராடின் வளையங்களில் உரசி நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு விலை உயர்ந்த ரீலை மாட்டினாலும் ஒரு முழம்கூடக் கூடுதலாகப் போகாது. நல்ல லைனோடு சாதாரண ரீல் வைத்திருப்பவர் நிம்மதியாக மீன் பிடிப்பார்.

ராடு, ரீல், லைன் எல்லாம் ஒரே பையில் வரும் 'காம்போ' வாங்குவதில் தப்பில்லை. அதில் வரும் லைன் எந்த எண், எந்த வகை என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் அந்த லைனைக் கணக்கில் சேர்க்காமல், வேறு லைன் வாங்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

அளவும் அடியில் சுற்றும் நூலும்

ரீலின் மேல் 3/4, 5/6, 7/8 என்று எழுதியிருக்கும். அது லைனின் எண். சின்ன ஓடைகளுக்கு 3 அல்லது 4, பொதுவாக எல்லாவற்றுக்கும் 5. 'பெரியதாக இருந்தால் நல்லதுதானே' என்று 7/8 வாங்கி 5 எண் ராடில் மாட்டினால் அடிப்பக்கம் கனத்து மணிக்கட்டு வலிக்கும். அதற்காக இருப்பதிலேயே லேசானதைத் தேடுவதும் வேண்டாம். ஒன்பது அடி ராடில் ரீல் ரொம்ப லேசாக இருந்தால் நுனி தொங்கும். 5 எண்ணுக்கு 110 முதல் 150 கிராம் வரை உள்ள ரீல் பொதுவாகப் பொருந்தும்.

ஃப்ளை லைன் சுமார் 27 மீட்டர்தான். அதற்கு அடியில் பேக்கிங் நூல் சுற்ற வேண்டும். டிரவுட்டுக்கு 45 மீட்டரிலிருந்து 90 மீட்டர் வரை போதும். இதற்கென விற்கும் பின்னிய டேக்ரான் நூல் அதிக விலையில்லை. ஆனால் நம் ஊரில் தங்கூசி மலிவு, வீட்டிலேயே கிடக்கும், அதையே சுற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். தங்கூசி இழுபடும் தன்மை உடையது. இறுக்கிச் சுற்றினால், இழுபட்ட தங்கூசி மீண்டும் சுருங்கப் பார்க்கும். ஒவ்வொரு சுற்றும் ஸ்பூலை நெரிக்கும். மெல்லிய வார்ப்பு ஸ்பூல் என்றால் வளைந்து, பிறகு ரீலின் சட்டத்தில் உரசிக்கொண்டே சுழலும். கடலுக்குப் பயன்படுத்தும் மெல்லிய பின்னல் நூலும் சரிவராது. அது தன் அடுக்குகளுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். மீன் ஓடும்போது விரலையும் அறுக்கும்.

நிறையச் சுற்றிவிட்டு லைன் சட்டத்தில் உரசுவதும் அடிக்கடி நடக்கிறது. எல்லாம் சுற்றிய பின் விளிம்புக்கும் லைனுக்கும் இடையே அரை சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். இரண்டு முனையும் மெலிந்த டபுள் டேப்பர் வகை லைன் கூடுதல் இடம் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்பூலின் நடுத்தண்டு பருத்திருக்கும் 'லார்ஜ் ஆர்பர்' வகையை விலை கூடுதல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இப்போது குறைந்த விலையிலேயே அது கிடைக்கிறது. 5 சென்டிமீட்டர் விட்டத்தில் சுற்றும் லைன் ஒரு சுற்றுக்குச் சுமார் 16 சென்டிமீட்டர் ஏறும். 8 சென்டிமீட்டர் விட்டத்தில் 25. ஒன்பது மீட்டர் லைனை ஏற்ற முதலாவதில் 57 சுற்று, இரண்டாவதில் 36. மீன் நம்மை நோக்கி ஓடிவரும்போது இந்த வித்தியாசம் தெரியும். பெரிய வட்டத்தில் கிடக்கும் லைன் சுருளும் குறைவாகவே விழும்.

டிராக்: கிலோ கணக்கு வேண்டாம்

லைனின் நுனியில் பூச்சியைக் கட்டும் மெல்லிய நூல்தான் டிப்பெட். அதன் தடிமனை எக்ஸ் எண்ணில் சொல்வார்கள். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு கிலோ இழுவையில் அறுந்துவிடும் நூல் அது. எட்டு கிலோ தாங்கும் டிராக்கை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது?

கவனிக்க வேண்டியது டிராக்கின் தொடக்கம். பார்சல் வந்ததும் டிராக்கைக் கிட்டத்தட்ட முழுவதும் தளர்த்திவிட்டு, ஸ்பூலில் கொஞ்சம் நூலைக் கட்டிச் சுற்றி, இரு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் இறுகி நின்று பிறகு 'டக்'கென்று விட்டுக்கொடுத்தால் அந்த முதல் இறுக்கத்திலேயே டிப்பெட் அறுந்துபோகும். முதல் அசைவிலிருந்தே ஒரே சீராக வந்தால் நல்ல ரீல். பல்சக்கரத்தில் சிறு நாக்கு மோதி 'கிர்ர்' என்று சத்தம் போடும் பழைய கிளிக் வகை ரீல்களைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். நீலகிரி ஓடை டிரவுட்டுக்கு அது தாராளமாகப் போதும். உள்ளே கெட்டுப்போகும் பொருளும் குறைவு. மீன் வேகமாக ஓடினால் ஸ்பூலின் வெளி விளிம்பை உள்ளங்கையால் லேசாகத் தடவி வேகத்தைக் குறைக்கலாம். அதற்கு விளிம்பு வெளியே திறந்திருக்க வேண்டும்.

அடுத்து, ஸ்பூலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறது என்றால் ஒரு பக்கம் இடுக்கு விரிகிறது என்று பொருள். லைன் அந்த இடுக்கில் நுழையாது, ஆனால் 0.15 மில்லிமீட்டர் நூல் நுழைந்துவிடும். சட்டத்துக்கும் ஸ்பூலுக்கும் நடுவே சிக்கிய நூலைக் குளிரில் விறைத்த விரலால் எடுப்பது பெரிய கொடுமை.

கைப்பிடி எந்தப் பக்கம் என்பதையும் லைன் சுற்றும் முன்பே முடிவு செய்யுங்கள். வலக்கையால் வீசுகிற பலர் இடக்கையால் சுற்றுவார்கள். தட்டுகள் உரசித் தடுக்கும் பெரும்பாலான டிஸ்க் டிராக் ரீல்களில் உள்ளே இருக்கும் ஒருவழி பேரிங்கைக் கழற்றித் திருப்பிப் போட்டால் பக்கம் மாறிவிடும். சுற்றிய பிறகு நினைவு வந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டியதுதான்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வார்ப்பு அலுமினியம் மலிவு, கல்லில் விழுந்தால் உடையலாம். கட்டி அலுமினியத்தைக் கடைந்து செய்தது உறுதியானது. 6061 என்று குறிப்பிடுவது அந்த வகைக் கலவையைத்தான். ஒகுமா எஸ்.எல்.வி. வார்ப்பு வகை, பிஸ்ஸிஃபன் ஸ்வார்டு கடைந்த வகை. இரண்டுமே மலிவான ரீல்களின் வரிசையில் வருபவை. கையில் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்பவருக்கு வார்ப்பே போதும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் டாலர் விலையோடு அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்பிரிங் வைத்துத் தானாகச் சுற்றும் ஆட்டோமேட்டிக் ரீலைக் கண்டால் அந்த இணையப் பக்கத்தை மூடிவிடுங்கள். கனம் அதிகம், பேக்கிங் நூலுக்கு இடமும் குறைவு.

உப்புக்காற்று

டிரவுட் ரீலைப் பற்றி எழுதும் குளிர்நாட்டுக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் ரீல் ஆண்டில் சில நாள்தான் ஆற்றில் நனைகிறது. மற்ற நாளெல்லாம் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜன்னல் கம்பியே துருவேறி உதிரும் வீட்டில் கிடக்கிறது. மலிவு ரீலில் முதலில் போவது எஃகு பேரிங்கும் உள் திருகுகளும். பிறகு, மேல்பூச்சு கீறிய இடங்களில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும்.

இமாசலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் பிடிக்கத் தடை. அந்தத் தடைக்காலத்தின் முதல் பாதி இங்கே வடகிழக்குப் பருவமழைக்காலம். ரீல் அலமாரியில் தூங்குவதும் ஈரம் உச்சத்தில் இருப்பதும் ஒரே நேரத்தில். கூடவே கொடுத்த ரப்பர் பையில் ஈரத்தோடு போட்டு மூடி வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான சேமிப்பு முறை. ஸ்பூலைக் கழற்றி, நல்ல தண்ணீரில் மென்மையாக அலசி, நிழலில் உலர்த்தி, டிராக்கை முழுவதும் தளர்த்தி, காற்றுப் புகும் துணிப்பையில் வையுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சக் கூடாது. உப்பும் மணலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு சபலம் உண்டு. மலைக்குப் போக மாதக்கணக்கில் இருக்கிறதே, அதுவரை தாழங்குடா முகத்துவாரத்தில் ஒரு கொடுவா பார்க்கலாமா என்று கை அரிக்கும். அந்தக் கொடுவா 5 எண் ராடுக்கும் ரீலுக்கும் உரிய மீன் அல்ல. அதற்கு 8 எண், உப்புத் தண்ணீர் புகாதபடி மூடிய டிராக், 150 மீட்டருக்குக் குறையாத பேக்கிங் நூல் வேண்டும். இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று நடுவாந்தரமாக ஒரு 7/8 வாங்குபவர், மலையில் கனத்தோடும் முகத்துவாரத்தில் துருவோடும் மல்லுக்கட்டுவார். பயிற்சிக்கு ஊசுட்டேரி போன்ற நன்னீர்க் கரையில், அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, முள் கட்டாமல் வீசிப் பழகலாம். இல்லாவிட்டால் பள்ளி மைதானத்துப் புல்தரை போதும்.

பழைய ரீல் கைமாறி வந்தால் ஒதுக்க வேண்டாம். ஃப்ளூகர் மெடலிஸ்ட் போன்ற பழைய ரீல்கள் பல பத்தாண்டு ஓடக்கூடியவை. ரீலின் அடிப்பாதம் உங்கள் ராடில் ரீல் மாட்டும் இடமான ரீல் சீட்டில் உட்காருகிறதா, சட்டம் வளைந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். புதிதாக வாங்கினால் அதே மாடலுக்குத் தனி ஸ்பூல் இப்போதே கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; மலிவு நிறுவனங்கள் மாடலை அடிக்கடி மாற்றிவிடும். ஸ்பூல் ஆட்டம், டிராக் தொடக்கம், பாதம் பொருந்துவது, கைப்பிடி மாற்றுவது ஆகிய சோதனைகளையெல்லாம் பார்சல் வந்த அன்றே முடித்துவிடுங்கள். அதற்கு முன் ஃப்ளை லைனைச் சுற்றிவிட்டால், திருப்பி எடுத்துக்கொள்ள விற்றவர் மறுக்கலாம்.