வண்டி வீட்டில், அபராதம் எனக்கு

போன மாதம் ஒரு குறுஞ்செய்தி: நோ பார்க்கிங்கில் வண்டி நிறுத்தியதற்கு 500 ரூபாய் அபராதம். அன்று என் ஸ்கூட்டர் பஞ்சராகி வீட்டு வாசலில் கிடந்தது!

கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவைக்கு 500 வரை, அடுத்த தடவைக்கு 1,500 வரை. செய்யாத தப்பை எதற்குக் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

போக்குவரத்து அபராதச் சீட்டுகளைப் பார்க்கும் அரசு இணையதளமான பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் (அபராதச் சீட்டு) எண்ணைப் போட்டுப் படத்தைத் திறந்தேன். கறுப்பு புல்லட் ஒன்று ஒய்யாரமாக நின்றது. நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கினால் கடைசி எண் 8. சேறு அப்பியதில் 3 போலத் தெரிந்திருக்கிறது. என்னுடையது 3. இடம் என்ற கட்டத்தில் வெறும் 'மெயின் ரோடு'. எந்த ஊர் மெயின் ரோடோ!

அதே தளத்தில் புகார் பகுதி இருக்கிறது. ஆர்.சி. நகலையும் என் ஸ்கூட்டரின் பின்பக்கப் படத்தையும் ஏற்றி, "படத்தில் இருப்பது புல்லட், ஆர்.சி.யில் இருப்பது ஸ்கூட்டர், கடைசி எண்ணும் வேறு" என்று மட்டும் எழுதினேன். பஞ்சர் கதையைச் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. அப்புறம் புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் பார்த்தபோது சலான் நிலுவையில் இல்லை.